சாம்பிராணிப் புகையும் நம் மன்றாட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை, பங்கு மக்கள் சிலரின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



பாடற்பலியில் நற்செய்தி வாசிக்கப்படும் முன் அருள்பணியாளர் தூபக்கலசத்தை வாங்கி நற்செய்தி நூலுக்குத் தூபம் காட்டுகிறார். அடக்கச் சடங்கில் சவப்பெட்டியைச் சுற்றி வந்து தூபம் காட்டுகிறார். அதே சாம்பிராணி, அதே கரி நெருப்பு, மாந்திரீகம் செய்பவரின் முன்னாலும் புகைகிறது. அவர் அந்தப் புகையைக் கொண்டு ஆவிகளை அழைப்பதாகச் சொல்கிறார், விரட்டுவதாகவும் சொல்கிறார். “இரண்டுக்கும் என்ன வேறுபாடு, ஃபாதர்?” என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி அது.

இன்னொரு கேள்வியும் நம்மிடம் வருகிறது. அது மெதுவான குரலில், கண்ணீரோடு வருகிறது. “இறந்துபோன பிள்ளையின் குரலை ஒருமுறை கேட்கலாம் என்கிறார்கள். இன்ன பிசினை, இன்ன கிழமையில், இன்ன நேரத்தில் தணலில் போட வேண்டுமாம். செய்து பார்க்கலாமா?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இன்று விடை தேடுவோம்.

ஆவிக்கு ஒரு பிசின்

எந்த ஆவிக்கு எந்தப் பிசின் என்ற பட்டியல் இன்று நேற்று வந்ததன்று. நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகர அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட கிரேக்க மொழிப் பாப்பிரஸ் சுவடி ஒன்று இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாந்திரீக நூல். அதில் ஏழு கோள்களுக்கும் ஏழு தூபங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. சனிக்கு ஸ்டோராக்ஸ் என்னும் பிசின், வியாழனுக்கு இலவங்கப்பத்திரி, செவ்வாய்க்குக் கோஷ்டம், சூரியனுக்குச் சாம்பிராணி, வெள்ளிக்குச் சடாமாஞ்சில், புதனுக்குக் கருவாப்பட்டை வகை, சந்திரனுக்கு வெள்ளைப்போளம்.

இந்தப் பெயர்களில் பல நமக்குப் பழக்கமானவை. இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. இலவங்கப்பத்திரியும் சடாமாஞ்சிலும் அக்காலத்தில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மேற்கே சென்றதை, முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பேடு சொல்கிறது. நம் பக்கத்தில் மருந்தாகவும் வாசனைப் பொருளாகவும் இருந்தது, அங்கே ஒரு கோளின் ஆவியை அழைக்கும் பொருளாயிற்று. பொருள் மாறவில்லை. மனிதர் அதற்குக் கொடுத்த வேலைதான் மாறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மாந்திரீகச் சுவடி தன்னை ‘மோசேயின் எட்டாம் நூல்’ என்று அழைத்துக்கொள்கிறது. மோசேயின் பெயரால் நம் விவிலியத்தில் இருப்பவை ஐந்து நூல்களே என்பது மறைக்கல்வி படிக்கும் சிறுவருக்கும் தெரியும். பின்னாளில் ஐரோப்பாவில் பரவிய மாந்திரீக நூல் ஒன்றும் ‘சாலமோனின் திறவுகோல்’ என்று அரசர் சாலமோனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. நம்பிக்கையுள்ள மக்களின் புனிதப் பெயர்களை இரவல் வாங்கித்தான் இந்தத் தொழில் எப்போதும் கடை விரித்திருக்கிறது. இன்றும் மாதாவின் படத்தையோ புனித அந்தோணியாரின் படத்தையோ முன்னால் வைத்துக்கொண்டு தூபம் போடுபவரைக் கண்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்தும் போவதில்லை. ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹென்ரிக் கொர்னேலியுஸ் அக்ரிப்பா மறைபொருள் தத்துவம் பற்றி எழுதிய மூன்று நூல்கள் 1533இல் முழுமையாக அச்சாயின. அவரும் கோள்களுக்குத் தூபம் வகுக்கிறார். எகிப்தியச் சுவடியில் சந்திரனுக்கு உரியதான வெள்ளைப்போளம் அவரிடம் சனியின் கலவையில் சேர்கிறது. சூரியனுக்கு உரியதான சாம்பிராணி, உலர்ந்த தவளைத் தலையோடும் கற்பூரத்தோடும் சந்திரனின் கலவையிலும் சேர்கிறது. ஆவிகள் உண்மையிலேயே இன்ன பிசினுக்குக் கட்டுப்பட்டவை என்றால், நூலுக்கு நூல் அது எப்படி மாறும்?

அதே அக்ரிப்பா சனியின் கலவையில் குரோசாணி ஓமத்தையும் மாந்திரேக் என்னும் கிழங்கையும் சேர்க்கிறார். இவை நம் ஊர் ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுச் செடிகள். புத்தியைக் கலக்கி, இல்லாததை இருப்பதாகக் காட்டும் நஞ்சு அவற்றில் உண்டு. சன்னல்களை அடைத்த இருட்டறை, பட்டினி, துக்கம், உறக்கமின்மை, அதோடு இப்படிப்பட்ட புகையும் சேர்ந்தால் மனிதர் எதையும் காண்பார், எதையும் கேட்பார். மூடிய அறையில் எரியும் கரியின் நச்சு வாயு உயிரையே பறிக்கக்கூடும். “நான் என் கண்ணால் பார்த்தேன்” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எந்தப் புகைக்குள் உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

புகையைக் கூலியாகக் கொடுத்தல்

இந்தப் பட்டியல்களுக்கு அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. ஆவிக்குப் பிடித்ததைக் கொடுத்தால் அது நமக்கு வேலை செய்தாக வேண்டும் என்பதே அது. புகை இங்கே கூலி. சில சமயம் தூண்டில். ஆகவேதான் பிசினைத் தேர்ந்தெடுப்பது அத்தனை முக்கியமாகிறது. கூலி தவறினால் வேலை நடக்காது அல்லவா?

புனித அகுஸ்தினார் 5ஆம் நூற்றாண்டில் ‘இறைவனின் நகரம்’ என்னும் தம் பெருநூலில் இதைப் பற்றி நுட்பமாக எழுதுகிறார். விலங்குகளை இரை வைத்துப் பிடிக்கலாம். தீய ஆவிகளுக்கு உடல் இல்லை, வயிறும் இல்லை. பச்சிலையும் கல்லும் மரமும் புகையும் அவற்றுக்கு உணவாக முடியாது. அவை அடையாளங்களையே நாடுகின்றன என்கிறார் அவர். எளிமையாகச் சொன்னால், தீய ஆவிக்குத் தேவை உங்கள் சாம்பிராணி அன்று. அந்தச் சாம்பிராணியோடு நீங்கள் ஒப்படைக்கும் நம்பிக்கை. கடவுளிடம் மட்டுமே வைக்க வேண்டிய நம்பிக்கையை வேறொருவரிடம் வைத்துவிட்டீர்கள் என்பதற்குப் புகை ஓர் அடையாளமாகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவேதான் இணைச்சட்ட நூல் 18ஆம் அதிகாரம் குறிசொல்வோரையும் சூனியக்காரரையும் இறந்தோரிடம் குறிகேட்போரையும் வன்மையாகக் கண்டிக்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வியும் 2116, 2117 ஆகிய எண்களில் இதையே கற்பிக்கிறது. மறைவான ஆற்றல்களை வசப்படுத்தி நமக்கு ஏவல் செய்ய வைக்கும் முயற்சி, நோய் தீர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், கடவுளுக்கு மட்டுமே உரிய வணக்கத்துக்கு எதிரான பெருந்தவறு என்கிறது.

ஒரு சிட்டிகைத் தூபத்தின் விலை

தொடக்கத் திருஅவையின் மக்கள் இதை நம்மைவிட நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியில் உள்ள பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தாம் எப்படிச் சோதித்தார் என்பதை அதில் விளக்குகிறார். பேரரசரின் உருவச்சிலை முன் திராட்சை மது ஊற்றித் தூபம் போட்டு, கிறிஸ்துவைப் பழிக்க வேண்டும். அப்படிச் செய்தவர்களை விட்டுவிட்டார். பின்பு 250ஆம் ஆண்டில் தேசியுஸ் மன்னர் காலத்தில் பேரரசின் மக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. தூபம் மட்டும் போட்டுத் தப்பியவர்களுக்கு, ‘தூபமிட்டவர்கள்’ என்று திருஅவையில் ஒரு தனிப் பெயரே ஏற்பட்டது. அவர்கள் பல காலம் தவம் செய்து ஒப்புரவாக வேண்டியிருந்தது.

ஒரு சிட்டிகைத் தூபம். விலை சில காசு. அதைப் போட மறுத்து உயிரைக் கொடுத்தவர்களை நாம் மறைசாட்சிகள் என்று வணங்குகிறோம். “புகைதானே, மனதுக்குள் இயேசுவை வைத்துக்கொண்டு போடுகிறேன்” என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று?

ஆகவே முதல் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் தூபத்தைத் தவிர்த்தார்கள். 197ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன், அரேபிய மரத்தின் கண்ணீரான காசு பெறாத தூபத்தைவிட மேலான காணிக்கையாகத் தாம் மன்றாட்டைச் செலுத்துவதாக எழுதினார். அதே நூலில், கிறிஸ்தவர்கள் தூபம் வாங்குவதில்லை என்று அரேபியா குறைப்பட்டால், தேவர்களுக்குப் புகைபோடச் செலவாவதைவிடக் கிறிஸ்தவர்களை அடக்கம் செய்யவே அதிகம் செலவாகிறது என்பது அந்நாட்டாருக்குத் தெரியும் என்றும் சொல்கிறார். பாருங்கள், பொருளின்மேல் அவர்களுக்குப் பகை இல்லை. இறந்தவர்களின் உடலுக்கு மரியாதை செய்ய அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

துன்புறுத்தல் ஓய்ந்த பின் தூபம் வழிபாட்டுக்குத் திரும்பியது. 380களில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண், ஞாயிறு விடியற்காலையில் ஆண்டவரின் உயிர்ப்பு ஆலயத்துக்குள் தூபக்கலசங்கள் கொண்டுவரப்படுவதையும், ஆலயம் முழுவதும் நறுமணம் நிறைவதையும், அதன்பின் ஆயர் உயிர்ப்பின் நற்செய்தியை வாசிப்பதையும் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்று நற்செய்தி நூலுக்கு நாம் தூபம் காட்டும்போது அந்தக் கல்லறை விடியலில் நாமும் நிற்கிறோம்.

தோபித்து நூலின் மீன்

இந்த இடத்தில் விவிலியம் அறிந்த ஒருவர் நம்மை மறித்துக் கேட்கலாம். “தோபியா மீனின் ஈரலையும் இதயத்தையும் தணலில் போட்டுத்தானே பேயை ஓட்டினார்?” சரியான கேள்வி. தோபித்து நூலை முழுவதும் படித்தால் விடை கிடைக்கும்.

சாராவுக்கு மணமுடித்த ஏழு கணவர்களையும் அசுமதேயு என்னும் பேய் கொன்றுவிட்டது. மனமுடைந்த சாரா சன்னலருகே நின்று மன்றாடினார். அதே வேளையில் வேறோர் ஊரில், பார்வையிழந்த தோபித்தும் மன்றாடினார். இரண்டு மன்றாட்டுகளும் ஒரே நேரத்தில் கடவுளின் திருமுன் கேட்கப்பட்டன. வானதூதர் இரபேல் அனுப்பப்பட்டார். இது 3ஆம் அதிகாரம். மீன் வருவதோ 6ஆம் அதிகாரத்தில்தான். ஆக, மன்றாட்டு முதலில் வந்தது. மருந்து பின்னால் வந்தது. அந்த மருந்தைத் தோபியா தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கடவுள் அனுப்பியவர் காட்டினார். மணஇரவில் புகை எழுந்ததும் பேய் எகிப்துக்கு ஓடியது. இரபேல் அதைத் தொடர்ந்து சென்று கட்டிப்போட்டார். உடனே தோபியாவும் சாராவும் எழுந்து நின்று ஆண்டவரைப் போற்றி மன்றாடினார்கள். அந்த மன்றாட்டைத் திருமணத் திருப்பலியில் நாம் கேட்டிருக்கிறோம். கடைசியாக 12ஆம் அதிகாரத்தில் இரபேல் தாம் யார் என்பதை வெளிப்படுத்தும்போது மீனைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் மன்றாட்டுகளை ஆண்டவரின் திருமுன் எடுத்துச் சென்றவன் நானே என்கிறார். மீனின் ஆற்றலைப் போற்றுவது அந்த நூலின் நோக்கம் அன்று. கடவுள் தம் மக்களின் கண்ணீரைக் கேட்கிறார் என்றே சொல்கிறது.

திருஅவை ஏற்றும் தூபம்

பழைய ஏற்பாட்டில் கடவுளே ஒரு தூபக் கலவையைக் கற்பித்தார். விடுதலைப் பயணம் 30ஆம் அதிகாரத்தில் நான்கு பொருள்களைச் சம எடையில் சேர்க்கச் சொல்கிறார். அவற்றில் ஒன்றான கல்பான் பிசினின் வாடை தனியாக முகர்ந்தால் நன்றாக இராது. பாவிகள் சேராத மக்கள் மன்றாட்டு முழுமையாகாது என்பதற்கு இது பாடம் என்று யூத மறைவல்லுநர்கள் விளக்கினார்கள். அந்தக் கலவையைத் தன் இன்பத்துக்காகச் செய்பவன் மக்களிடமிருந்து விலக்கப்படுவான் என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது. தூபம் கடவுளுக்கு உரியது. மனிதர் தம் காரியம் சாதிக்கும் கருவி ஆகாது. நேர்மையற்ற கைகளிலிருந்து வரும் தூபத்தைக் கடவுள் அருவருக்கிறார் என்று எசாயா முதல் அதிகாரம் சொல்கிறது. நறுமணத்தால் கடவுளை வளைக்க முடியாது.

இன்றைய திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையைப் பாருங்கள். தூபம் திருப்பாடல் 141இலும் திருவெளிப்பாடு 8ஆம் அதிகாரத்திலும் உள்ளபடி மரியாதைக்கும் மன்றாட்டுக்கும் அடையாளம் என்கிறது. எந்த மரத்துப் பிசின், எந்தக் கிழமை, எந்தத் திசை என்று ஒரு சொல்லும் இல்லை. ஓமான் நாட்டு மரத்தின் பிசினோ, சுமத்ரா தீவிலிருந்து வரும் சாம்பிராணியோ, நம் கடையில் விற்கும் குங்கிலியமோ, எதுவானாலும் ஆகும். அருள்பணியாளர் அதைத் தணலில் இட்டு, எதுவும் சொல்லாமல் சிலுவை அடையாளத்தால் ஆசி வழங்குகிறார். மந்திரம் இல்லை. மாந்திரீகருக்குப் பிசினும் சொல்லும் தவறினால் எல்லாம் தவறிவிடும். நமக்கோ சாம்பிராணி தீர்ந்துபோனாலும் திருப்பலி திருப்பலியே. இளைஞர்கள் கேட்ட வேறுபாடு இதுதான். அங்கே புகை ஒருவரைக் கட்டாயப்படுத்தப் போடப்படுகிறது. இங்கே, யாராலும் கட்டாயப்படுத்த முடியாத தந்தையின் முன் பிள்ளைகள் தங்களை ஒப்படைப்பதன் அடையாளமாகப் போடப்படுகிறது.

நம் வீடுகளில்

அப்படியானால் வீட்டில் சாம்பிராணி போடலாமா? தாராளமாகப் போடலாம். குழந்தையைக் குளிப்பாட்டிய பின் காட்டும் புகையிலோ, கொசுவுக்காகப் போடும் புகையிலோ, வீடு மணக்க ஏற்றும் கப் சாம்பிராணியிலோ பாவம் எதுவும் இல்லை. ஆஸ்திரியா, பவேரியா மலைக் கிராமங்களில் கிறிஸ்து பிறப்புக்கும் திருக்காட்சி விழாவுக்கும் இடைப்பட்ட இரவுகளில் குடும்பத் தலைவர் தணல் சட்டியில் தூபம் இட்டு, தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லிக்கொண்டு அறை அறையாகவும் மாட்டுத் தொழுவம் வரையிலும் போவது வழக்கம். நாமும் மாலையில் குடும்பமாகச் சாம்பிராணி ஏற்றித் திருப்பாடல் 141ஐச் சொல்லலாம்.

ஆனால், வெண்கடுகும் நாய்க்கடுகும் மருதாணி விதையும் சேர்த்துப் போட்டால் ஏவல் போகும், பில்லி போகும் என்று நம்பி ஏற்றும்போது நம்பிக்கை இடம் மாறிவிடுகிறது. பிறசமயச் சகோதரர்களின் வழிபாட்டை இழித்துப் பேச இதைச் சொல்லவில்லை. திருமுழுக்கில் சாத்தானை விட்டுவிடுகிறோம் என்று வாக்களித்த நமக்கே சொல்கிறோம்.

நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநோயும் நோய்தான், அதற்கும் மருத்துவர் இருக்கிறார். புகைக்குள் உட்காரவைத்து நாள்களைக் கடத்தாதீர்கள். தீய ஆவியின் தொல்லையோ என்ற ஐயம் உண்மையாகவே எழுந்தால் பங்குத்தந்தையிடம் வாருங்கள். திருஅவைச் சட்டம் 1172இன்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற அருள்பணியாளர் மட்டுமே பேயோட்டும் சடங்கை நடத்தலாம். அதற்குக் கட்டணம் கேட்பவர் திருஅவையின் பெயரால் வரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்வந்தவர்கள் அஞ்ச வேண்டாம். எபேசு நகரில் மாயவித்தை செய்தவர்கள் 50,000 வெள்ளிக்காசு மதிப்புள்ள நூல்களை எல்லார் முன்னிலையிலும் எரித்துவிட்டுப் புதுவாழ்வு தொடங்கினார்கள். கையில் இருக்கும் தாயத்தையும் பொட்டலத்தையும் எறிந்துவிட்டு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். கடிந்துகொள்ள அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

பிள்ளையின் குரலைக் கேட்க ஏங்கும் தாய்மார்களே, தந்தையரே, உங்கள் ஏக்கம் பாவம் அன்று. ஆண்டவரும் இலாசரின் கல்லறை முன் அழுதார். ஆனால் புகைக்குள்ளிருந்து வரும் குரல் உங்கள் பிள்ளையின் குரல் அன்று. உங்கள் பிள்ளையின் உடலுக்கு நாம் தூபம் காட்டியது நினைவிருக்கிறதா? இந்த உடல் திருமுழுக்கில் கழுவப்பட்டது, தூய ஆவி குடியிருந்த கோவில், உயிர்த்தெழ வேண்டியது என்பதற்காகவே அப்படிச் செய்தோம். அந்தப் பிள்ளையை யாரும் அழைத்து வேலை வாங்க முடியாது. அவர் கடவுளின் கையில் இருக்கிறார். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, தூபம் போட்டு, அவர் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். அந்த மன்றாட்டை ஒரு வானதூதர் கடவுளின் திருமுன் எடுத்துச் செல்கிறார் என்று திருவெளிப்பாடு நமக்கு உறுதி சொல்கிறது.

மன்றாடுவோம்: அன்புத் தந்தையே, எங்கள் அச்சங்களையும் எங்கள் துக்கத்தையும் உம்மிடமே கொண்டுவருகிறோம். உம்மையன்றி வேறெவரையும் நம்பாத உள்ளத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் இறந்தோருக்கு நிலையான இளைப்பாற்றியை அருளும். எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக, ஆமென்.